வேலியில் ஏறிய சுரை

ரப்பர் பால்வெட்டு முடிந்து, பால் வாளி தொங்கும் காண்டாக் கம்பைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குத் திரும்பிய சன்னாசி தம் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். உள்சுவர் வெள்ளைவெளேரென்று இருந்தது. சுண்ணாம்பின் ஈரம் இன்னும் காயவில்லை. அந்த நெடி மூக்கில் ஏறியது. அடுப்புக்கு மேலே, புகை படும் இடமாகப் பார்த்து அவர் மனைவி நல்லம்மாள் அப்பி வைத்திருந்த சாணி வில்லைகளில் ஒன்றுகூட இல்லை.

பார்க்கிறவனுக்கு அது சாணி. சன்னாசி வீட்டுக்கு அதுதான் விதைக் குதிர். சுரை விதையைப் பசுஞ்சாணிக்குள் பொதிந்து சுவரில் அறைந்து காயவிட்டால் பூச்சி அண்டாது. புகை பட்டு விதை உரமேறும். வேண்டும்போது உரித்தெடுத்து ஊன்றிக்கொள்ளலாம். துறையூர்ப் பக்கத்தில் வெள்ளாமைக்காரன் வீட்டுச் சுவர் என்றால் அப்படித்தான் இருக்கும். நல்லம்மாளின் தாய்வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. கண்ணேறு படாமலிருக்க ஒவ்வொரு வில்லையிலும் ஒரு பச்சைக் கண்ணாடி வளையல் துண்டையும் சேர்த்துப் பதிப்பார்கள்.

அந்த விதை நல்லம்மாளுக்கு அவள் தாய் மடியில் கட்டிக் கொடுத்த சீர். கப்பலேறும்போது அவள் அதைக் கொண்டைக்குள் வைத்து முடிந்துகொண்டாள். பினாங்கில் இறக்கி, நோய் பரவாதிருக்கத் துணிமணியையெல்லாம் வாங்கி வேகவைத்தபோதும் கொண்டையை யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை. செமோருக்கு மேற்கே இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்த பிறகு ஊன்றுவதற்குக் கையகல நிலம் கிடையாது. ஆகவே லயத்துக்குப் பின்னால் சாக்கடையோரம் குழி தோண்டி, கொடியை அத்தாப்பு ஓலைக் கூரைமேல் ஏற்றிவிட்டாள். வருஷா வருஷம் காய்த்தது. கொக்கு கழுத்தை வளைத்தாற்போல் வளைந்த கழுத்தும், கழுத்தைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகளும் கொண்ட காய். அந்த லயத்தில் அதைத் தின்னாத வாய் இல்லை. பிறகு, கூரை மட்கிப்போகிறது, எந்தக் கொடியும் கூரையில் ஏறக்கூடாது என்று துரை உத்தரவு போட்டார். கடைசியாக எடுத்த விதை அத்தனையும் அந்தச் சுவரில்தான் இருந்தது.

இப்போதுதான், தோட்டத்துக் குடும்பங்களுக்குக் காய்கறி போட ஆளுக்கொரு துண்டு நிலம் ஒதுக்க வேண்டும் என்று சர்க்கார் சட்டம் வந்து, சதுப்புக்கு இந்தப்பக்கம் நிலத்தை அளந்து கொடுத்திருந்தார்கள். நிலம் வந்த நேரத்தில் விதை போயிற்று.

"யாருடா என் வீட்டுக்குள்ள நுழைஞ்சது?" என்று சன்னாசி போட்ட சத்தத்தில் லயத்துக் கோழிகள் கலைந்தன.

அடுத்த வீட்டுப் பத்துமலை தலையை நீட்டினான். வாயைத் திறந்தால் கிண்டல் இல்லாமல் பேசத் தெரியாத பிள்ளை. ஆனால் அன்று அடக்கித்தான் பேசினான். "ஆஸ்பத்திரி டிரசரு உத்தரவு, அண்ணே. பெரிய டாக்டரு பார்க்க வாராராம். சுவத்துல சாணி இருந்தா காய்ச்சல் வருமாம். எல்லா வீட்டுக்கும்தான் அடிச்சாங்க."

"காய்ச்சல் சாணியிலயா வருது? பின்னால சாக்கடையில கொசு கச்சேரி வைக்குதே, அதைச் சுரண்டுனாங்களா?"

"அதைச் சுரண்டுனா லேசுல முடியாது லா, அண்ணே. சாணின்னா லேசா வரும்."

லயம் கூட்டுகிற சீனிதான் சுரண்டியவன். சன்னாசி அவனைப் பிடித்து நிறுத்தியபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "குப்பையில கொட்டிட்டேன், அண்ணே," என்றான்.

"எந்தக் குப்பையில?"

"எல்லாக் குப்பையும் ஒண்ணுதானே, அண்ணே."

நல்லம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குப்பைக் குழிக்குப் போனாள். இருட்டும்வரை கிளறினாள். அங்கே இலையும் சாம்பலும் கிடந்தன. ஒரு வில்லை இல்லை, ஒரு வளையல் துண்டு இல்லை. சீனி பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஏன் சொல்கிறான் என்றுதான் தெரியவில்லை.

குடும்பம் என்றால் செய்கிற காரியங்கள் சில உண்டு. உயிரே போனாலும் செய்யாத காரியங்களும் சில உண்டு. சன்னாசியின் குடும்பம் செய்யாத காரியம் விதைக்காக இன்னொருவன் வாசலில் நிற்பது. ஊரில் மழை பொய்த்த வருஷத்தில் அவர் தகப்பனார் புளியங்கொட்டையை வறுத்து இடித்துத் தின்றார். விதைநெல்லில் கை வைக்கவில்லை. நிலம் போன பிறகும், கடலைத் தாண்டி வந்து பிறத்தியான் மரத்தில் பால் சீவுகிற நிலை வந்த பிறகும், "விதைக்குக் கை நீட்டாத வீடு" என்ற அந்த ஒரு சொல்லைத்தான் சன்னாசி மிச்சமாக வைத்திருந்தார். அந்தச் சொல்லுக்காகவே அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் துரை முன்னால் மற்றவர்கள் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர் துண்டு தோளிலேயே கிடக்கும். கங்காணி கண்ணைக் காட்டுவார். சன்னாசி வேறு பக்கம் பார்ப்பார்.

தை மாதம் லயத்து ஜனம் முழுவதும் காய்கறித் துண்டில்தான் இருந்தது. மாசியில் பால்மரங்கள் இலை கொட்டும், பால் குறையும், அதற்கு முன்னால் பாத்தி பிடித்துவிட்டால், ஓய்கிற வேளையில் தண்ணீர் விடலாம், களை எடுக்கலாம். சன்னாசியும் மண்ணைக் கொத்திக் கட்டி உடைத்து மேட்டுப்பாத்தி போட்டார். கத்தரி நாற்று நட்டார். நல்லம்மாள் வெண்டையை ஊறவைத்து ஊன்றினாள். கீரை விதையை மணலோடு கலந்து தூவினாள். அந்த விதைகளும் அவள் வைத்திருந்தவைதான். மூங்கில் குழாயில் சாம்பலோடு போட்டு அடைத்திருந்ததால் தப்பின.

நிலத்தின் நடுவில் சன்னாசி நான்கு கால் நட்டு, மூங்கில் பரப்பி, பந்தல் ஒன்று போட்டார். பந்தலின் காலடியில் குழி தோண்டி, எருவும் சாம்பலும் இட்டு மூடினார். குழியில் ஊன்ற ஒன்றும் இல்லை.

"யாருக்குக் கல்யாணம், அண்ணே? பந்தக்கால் நட்டு வெறுமனே வச்சிருக்கீங்க. மாப்பிள்ளை ஓடிட்டானா?" என்றான் பத்துமலை, பக்கத்துத் துண்டிலிருந்து.

"வருவான். நீ உன் களையைப் பாரு."

"பாசாருக்குப் போறப்போ காய்கறிக்காரச் சீனன்கிட்ட லாபுச் சுரை விதை கேட்டு வாங்கியாரட்டுமா? நல்லவன், சும்மாவே கொடுப்பான்."

"சும்மா கொடுக்கிறதை வாங்கி ஊன்றதுக்கா நான் பந்தல் போட்டேன்?"

பத்துமலை தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். கங்காணி வந்து பார்த்தார். காலியாகக் கிடக்கிற இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்று துரை சொல்லியிருப்பதாகச் சொன்னார். சித்திரைவரை பார்ப்போம் என்று முடித்தார். அன்று வீட்டில் நல்லம்மாள் சோற்றை வைத்துவிட்டுக் கேட்டாள்: "பந்தல்ல எதை ஏத்தப் போறீங்க? உங்க மீசையையா?"

சன்னாசி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.   விதை அவளுடைய சீர். அதைக் காப்பாற்ற வேண்டியது தம் வீட்டுச் சுவர். சுவர் காப்பாற்றவில்லை.

மாசி கடைசியில், மரமெல்லாம் மொட்டையாகி நிரைக்கு நிரை வானம் தெரிந்த சமயத்தில், நல்லம்மாள் ஒரு சாயங்காலம் விறகுக் கட்டோடு கிராணி வீட்டுப் பக்கமாக வந்தாள். கிராணி மத்தியாஸ் தோட்டத்து ஆபீசில் பெயர் எழுதுகிறவர், பால் நிறுக்கிறவர், துரைக்கு அடுத்த குரல். வேலி போட்ட வீடு, முன்வாசலில் ரோசாச் செடிகள். தொழிலாளிகள் அந்த வீட்டுக்குப் போவதென்றால் பின்பக்கத்து ஒற்றையடிப் பாதைதான். முன்படல் அவர்களுக்கு இல்லை. அந்த வேலியில் வெள்ளை வெள்ளையாகச் சுரைப்பூ விரிந்திருந்தது. நல்லம்மாள் விறகுக் கட்டை இறக்காமலே நின்று பார்த்தாள். இலைக்கு நடுவில் ஒரு பிஞ்சு. கழுத்து வளைந்திருந்தது. கழுத்தைச் சுற்றி வெள்ளைப் புள்ளி.

வீட்டுக்கு வந்து, கட்டை இறக்கி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னாள். "நம்ம விதை கிராணி வேலியில ஏறியிருக்கு."

சன்னாசி எழுந்தே விட்டார். சீனி சொன்ன பொய்யின் மறுபாதி அவருக்கு அப்போது விளங்கியது. ரோசாச் செடிக்கு எரு வேண்டியிருந்திருக்கிறது. அவர் வீட்டுச் சீர், கிராணி வீட்டுக்கு எரு!

"போய்க் கேக்கலாமா?" என்றாள் நல்லம்மாள்.

"என்னன்னு கேக்கிறது? 'ஐயா, விதை கொடுங்க'ன்னா? நம்ம பொருளை நாம பிச்சை கேக்கிறதா? அவங்க வாயால வரணும். இது சன்னாசி வீட்டு விதைன்னு அவங்க சொல்லணும்."

"அவங்க வாய் அதைச் சமைச்சுத் தின்னுடும். முத்த விடாம பிஞ்சுலயே அறுத்தா விதை ஏது?"

அதுதான் விஷயம். சுரையைக் கறிக்கு இளசாக அறுப்பார்கள். விதைக்கு ஒரு காயையாவது கொடியிலேயே விட்டு, ஓடு கட்டி, காம்பு காயும்வரை வைக்க வேண்டும். கிராணி வீட்டில் யாருக்கு அந்தக் கவலை? அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் தினமும் அந்த வேலி தெரியும் தூரத்தில் நடந்தார்கள். இன்றைக்கு ஒரு காய் குறைந்திருக்கும், மறுநாள் இரண்டு. லயத்து ஜனங்களும் பார்த்தார்கள். அந்தக் கழுத்தை அடையாளம் தெரியாத குருடர் யாருமில்லை. ஆனால் தண்ணீர்க் குழாயடியில் முணுமுணுப்பதோடு சரி. கிராணி பெயரைச் சொல்லி வாயைத் திறந்தால் நாளைக்குப் பால் நிறுக்கும்போது எடை குறையும் என்று பயம். வருஷக்கணக்கில் அந்தச் சுரையைத் தின்ற வாய்கள், அந்தச் சுரைக்காக ஒரு சொல் பேசவில்லை. சன்னாசிக்குக் கிராணிமேல் வந்த கோபத்தைவிட இந்த மௌனத்தின்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

பங்குனியில் மரங்கள் செம்புநிறத் தளிர் விட்டிருந்தன. ஒரு பிற்பகல், பால் நிறுத்துவிட்டு ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், சீனி ஒரு சுரைக்காயைக் கையில் ஏந்திக்கொண்டு சன்னாசி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"கிராணியம்மா கொடுக்கச் சொன்னாங்க. வீட்ல நிறையக் காய்ச்சிருக்காம். பாவம், உங்க பந்தல் காலியா கிடக்குதுன்னு யாரோ சொன்னாங்களாம்."

சன்னாசி காயைப் பார்த்தார். வளைந்த கழுத்து. இளங்காய்; நகம் பட்டால் பால் கசியும். பாவம் என்ற சொல் அவர் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இறங்கியது.

"கொடு," என்றார்.

வாங்கி, இரண்டு கையாலும் ஏந்தி, லயத்தின் நடுவாக நடந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்போல நிமிர்ந்து நடந்தார். நல்லம்மாள் பின்னால் போனாள். என்னவோ நடக்கப் போகிறது என்று பத்துமலை போனான். அவனைப் பார்த்து மற்றவர்கள் போனார்கள். சீனி எல்லாருக்கும் கடைசியில் வந்தான். கிராணி வீட்டுக்கு வந்ததும் சன்னாசி பின்பாதைக்குத் திரும்பவில்லை. முன்படலைத் திறந்தார். காயை முன்படியில் வைத்தார்.

கிராணி மத்தியாஸ் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "என்ன சன்னாசி, இந்தப் பக்கமா வாறே? பின்னால வழி இல்லையா?"

"இருக்கு ஐயா. இது பின்வழியா கொண்டுவார காரியம் இல்லை. இதை வச்சுட்டுப் போக வந்தேன்."

"வீட்டுக்காரி இரக்கப்பட்டுக் கொடுத்தா, திருப்பிக் கொண்டாந்து வைக்கிறியா? அவ்வளவு கொழுப்பா?"

"கொடுக்கிறதுக்கு அது உங்க வீட்டுப் பொருளா, ஐயா?"

கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. கிராணியின் முகம் சிவந்தது. "என் வேலி. என் வேலியில காய்ச்சது வேற யார் பொருள்?"

"வேலி உங்களுது. விதை என் வீட்டுது. என் சுவத்துல இருந்து சுரண்டினது."

"இதோ பார்ரா! ஊர்ல உள்ள சுரைக்காயெல்லாம் இவரு வீட்டுதாம். இதுவா? அதுவா? அந்தா தொங்குதே, அதுவுமா?" என்று கிராணி வேலியிலிருந்த பிஞ்சுகளை ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டினார்.

"ஐயோ, விரல் நீட்டாதீங்க ஐயா! பிஞ்சு வெம்பிப் போகும்!" என்று நல்லம்மாள் பதறினாள். சண்டையின் நடுவில் அவளுக்குப் பிஞ்சுதான் கண்ணில் பட்டது. இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு கிராணிக்குப் பிடிக்கவில்லை.

"அத்தாட்சி என்ன?" என்று கேட்டார். "இங்க நிக்கிறவங்கள்ல யாராவது சொல்லுங்க, இது சன்னாசி வீட்டுச் சுரைன்னு. சொல்லுங்க, கேப்போம்."

சன்னாசி திரும்பிப் பார்த்தார். பத்துமலை தன் கால் பெருவிரலைப் பார்த்தான். சீனி மரத்தைப் பார்த்தான். கூரைமேல் ஏறிக் காயறுத்துத் தின்றவர்கள் எல்லாரும் எங்கெங்கோ பார்த்தார்கள். அந்தத் தலைகளை எண்ணிப் பார்த்தால் அவமானம் தமக்கா அவர்களுக்கா என்று சன்னாசிக்குத் தெரியவில்லை.

நல்லம்மாள் முன்னால் வந்தாள். "ஐயா, விதையோட பச்சை வளையல் துண்டு வச்சுத்தான் சாணி தட்டுவேன். சாணி கரைஞ்சிருக்கும். கண்ணாடி கரையாது. கொடியோட காலடியில கிடக்கும்."

"அப்படியா? சரி. தோண்டட்டும். இருந்தா உங்களுது. இல்லைன்னா, கிராணி வீட்டுப் பொருளை என்னுதுன்னு சொன்னதா நாளைக்குப் பெரட்டுல துரைகிட்டச் சொல்வேன். டேய் சீனி, மண்வெட்டியைக் கொடுடா."

மண்வெட்டி வந்தது. சன்னாசி அதைக் கையில் வாங்கி ஓங்கப் போனவர், நின்றார். கொடியின் அடி, மண்ணுக்குமேல் கட்டைவிரல் பருமன். சுரைக்கு வேர் ஆழம் போகாது; மேலாகப் பரவும். மண்வெட்டி ஒரு தடவை இறங்கினால் பாதி வேர் போகும். மூன்று நாளில் கொடி துவளும். மேலே அண்ணாந்து பார்த்தார். வேலிக்கும் மேலே, பக்கத்து மாமரக் கிளையில் படர்ந்த கொடியில், இலை மறைவில் ஒரு காய் தொங்கியது. யாருக்கும் எட்டாத இடம். பெரிய காய், பச்சை வெளிறத் தொடங்கியிருந்தது, ஓடு இன்னும் கட்டவில்லை. தப்பிப் பிழைத்த விதைக்காய் அது ஒன்றுதான். கொடி செத்தால் அதுவும் வெம்பிப் போகும். அத்தாட்சி கிடைக்கும், விதை கிடைக்காது.

"என்ன யோசனை? வளையல் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சா?" என்றார் கிராணி.

நல்லம்மாளும் மேலே பார்த்திருந்தாள். "மண்வெட்டி வேணாம். நான் விரலால நோண்டுறேன்," என்று சொல்லி முட்டியை மடக்கப் போனாள்.

கிராணி வீட்டு வாசலில், இத்தனை பேர் பார்க்க, தம் மனைவி மண்டியிடுவதா? சன்னாசி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். மண்வெட்டியைச் சீனியின் காலடியில் எறிந்தார். துரை முன்னால்கூட எடுக்காத தோள்துண்டை எடுத்து நல்லம்மாளிடம் கொடுத்தார்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க," என்றார். "நான் குனியிறது மண்ணுக்கு."

முழங்காலை ஊன்றினார். அந்த முதுகு வளைந்ததை அந்தத் தோட்டம் முதன்முதலாகப் பார்த்தது.  விரல் நுனியால் மண்ணைப் பொடிப்பொடியாகத் தள்ளினார். வேர் தட்டுப்பட்ட இடத்தில் விலகிப் பக்கத்தில் தோண்டினார். மழையில் இறுகிய மண், நகக்கண்ணில் ஏறியது. முதலில் வைக்கோல் தூசு வந்தது. பிறகு சுவரிலிருந்து சுரண்டும்போது பெயர்ந்து வந்த பழைய சுண்ணாம்புப் பொருக்கு ஒன்று. அப்புறம் வெறும் மண். வேரைச் சுற்றி வந்து மறுபக்கம் கையை விட்டார். விரலில் சுருக்கென்று தைத்தது. ரத்தம் துளிர்த்த விரலோடு கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் பச்சைக் கண்ணாடி.

எழுந்து நின்று, கையை நீட்டி, கிராணியின் முகத்துக்கு நேரே காட்டினார். 

அப்போதுதான் சீனிக்கு வாய் வந்தது. "நான்தான் கொண்டாந்து போட்டேன், அண்ணே. ரோசாவுக்கு எரு வேணும்னு ஐயா சொன்னாங்க. வெளியில சொல்லாதேன்னும் சொன்னாங்க."

"இப்பத்தான் உனக்கு வாய் இருக்கிறது தெரிஞ்சுதா?" சன்னாசி திரும்பினார். சீனியை மட்டுமல்ல, அந்தக் கூட்டத்தையே பார்த்துக் கேட்டார். "கண்ணாடி பேசினதுக்கு அப்புறம் பேசுறீங்களே, அதுக்கு முன்னால உங்க நாக்கு எங்க போச்சு? தின்ன சுரைக்காய்க்காவது ஒரு விசுவாசம் வேணாமா?"

பத்துமலை எதையோ சொல்ல வந்து, முதன்முறையாகக் கிண்டல் கிடைக்காமல் வாயை மூடிக்கொண்டான்.

"சரி, சரி. இப்ப என்ன? ஒரு சுரைக்கொடிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? பிடுங்கிட்டுப் போங்க எல்லாத்தையும்!" என்றார் கிராணி.

"பிடுங்க வரலை, ஐயா. கொடி உங்க மண்ணைத் தின்னு வளர்ந்திருக்கு. அதை நான் மறுக்கலை. இது யார் வீட்டு விதைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான்."

 கதவுக்குப் பின்னாலிருந்து கிராணியின் மனைவி இருதயமேரி வந்தாள். அவள் படியில் வைத்திருந்த காயைப் பார்த்தாள். சன்னாசியின் விரலைப் பார்த்தாள். பிறகு புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மத்தியாஸ் நாற்காலிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்க வீட்டு விதைதான், பெரியவரே," என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள். "எருவுல வந்ததுன்னு நினைச்சேன். யார் வீட்டு எருன்னு கேக்கலை. கேட்டிருக்கணும். எட்டுனதையெல்லாம் அறுத்துட்டேன். மேல ஒண்ணு இருக்கு. எனக்கு எட்டலை, அதான் தப்பிச்சுது. அதை யாரும் தொட மாட்டாங்க."

நல்லம்மாள் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். சன்னாசியின் முகத்தையும் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார். அவள் துண்டின் கரையைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தாள். பத்துமலை, யாரும் சொல்லாமலே, மாமரத்தில் ஏறினான். அவள் கொடுத்த கரையை அந்தக் காயின் காம்பில் முடிந்தான். விதைக்காய்க்குத் துணி கட்டிவிட்டால் யாரும் கை வைக்கக்கூடாது. அது வெள்ளாமைக்காரர் சட்டம்.

"முத்தினதும் ஆள் விட்டுச் சொல்லியனுப்புறேன்," என்றாள் இருதயமேரி.

"வேணாம், அம்மா. காம்பு காயிறது எங்களுக்குத் தெரியும். நாங்களே வாரோம்." துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு கரை இல்லாத துண்டு. "முன்வாசல் வழியா."

அதற்குப் பிறகு ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் கிராணி தம் வீட்டு மாமரத்தில் சன்னாசியின் துண்டுக்கரை ஆடுவதைப் பார்த்துத்தான் ஆகவேண்டியிருந்தது. பால் எடையில் கைவைத்துப் பார்த்தார். மறுநாள் சன்னாசி தராசு முள் நிற்கும்வரை வாளியின் பக்கத்திலிருந்து நகரவில்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற பத்துமலையும் நகரவில்லை. "முள்ளு இன்னும் ஆடுது லா, ஐயா," என்று உரக்கச் சொன்னான். எடை சரியாக வந்தது.

சித்திரை முடிகிற சமயத்தில் கங்காணி மறுபடி வந்து காலிப் பந்தலைப் பார்த்தார். "சித்திரைவரைன்னு சொன்னேனே, சன்னாசி?" என்றார். "குழியைப் பாருங்க," என்றார் சன்னாசி. குழி அன்றைக்குத்தான் புதிதாகக் கொத்தி, ஈரமாகக் கிடந்தது. கங்காணிக்கு மாமரத்துச் சங்கதி தெரியும். மேற்கொண்டு பேசாமல் போனார்.

மறுநாள் சன்னாசியும் நல்லம்மாளும் குளித்து, வெளுத்த துணி உடுத்தி, கிராணி வீட்டு முன்படலைத் திறந்துகொண்டு போனார்கள். காய் மஞ்சள் பாய்ந்து, ஓடு கட்டி, காம்பு சருகாகியிருந்தது. சன்னாசி மரத்தில் ஏறி அதை அறுத்து இறக்கி, காதருகில் வைத்துக் குலுக்கினார். உள்ளே விதை கலகலத்தது. நல்லம்மாள் வாங்கித் தானும் ஒரு தடவை குலுக்கிப் பார்த்தாள். 

பந்தல் குழியில் அவள் தன் கையாலேயே விதையை ஊன்றினாள். மிச்ச விதையில் ஒரு பிடியை வெற்றிலையில் மடித்துச் சன்னாசி கிராணி வீட்டுக்கு எடுத்துப் போனார். இருதயமேரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மத்தியாஸ் உள்ளேயிருந்து பார்த்தார்.

"இது எங்க வீட்டுல இருந்து உங்க வீட்டுக்கு," என்றார் சன்னாசி, உள்ளேயும் கேட்கும்படி. "ஊன்றிக்குங்க. காய்ச்சா யாருக்கு வேணும்னாலும் கொடுங்க. ஏது விதைன்னு கேட்டா, சொல்லுங்க."

வீட்டுக்கு வந்தபோது நல்லம்மாள் பசுஞ்சாணியைப் பிசைந்து வைத்துக்கொண்டு, கையைத் தூக்கியபடி, எங்கே அறைவதென்று தெரியாமல் நின்றிருந்தாள். பக்கத்தில் உடைந்த பச்சை வளையல்.

"எங்க வைக்கிறது? டிரசரு திரும்ப வருவாரே."

சன்னாசி அடுப்புக்கு மேலே, வெள்ளையடித்த சுவரின் நட்டநடுவைக் காட்டினார். "எப்பவும் வைக்கிற இடத்துலதான். அவர் வரட்டும். நான் வாசல்ல உக்காந்திருக்கேன்."

நல்லம்மாள் முதல் வில்லையை ஓங்கி அறைந்தாள். வெள்ளைச் சுவரில் அவளுடைய ஐந்து விரலும் பதிந்தன.